விதைக்காத கேரட்

கடுகு என்றுதான் அவளை எல்லோரும் கூப்பிட்டார்கள். ஆள் சிறிய உருவம், சூடு பட்டால் பொரிந்து தள்ளிவிடுவாள். கல்யாணமான புதிதில் கணவர் வைத்த பெயர். ஆசையில் வைத்தாரா, அலுத்துப்போய் வைத்தாரா என்று அவர் இதுவரை சொன்னதில்லை. அவர் எதையுமே அதிகம் சொல்கிறவர் இல்லை. வீட்டில் பேச வேண்டிய அத்தனையையும் அவளும் அவளுடைய தம்பியும் பங்குபோட்டுப் பேசிவிடுவார்கள்.

அப்படிப்பட்டவள் அன்றைக்கு வாய் திறக்க முடியாமல் நின்றதற்குக் காரணம் ஒரு கடைவாய்ப்பல். பல் டாக்டர் அதைப் பிடுங்கிவிட்டு, பஞ்சை வைத்து அழுத்தி, சாயங்காலம் வரை பேசக் கூடாது, துப்பக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். மரத்துப்போன பாதி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தவள், நேராகப் போகாமல் கடைத்தெருப் பக்கம் திரும்பினாள். அந்தத் தெருவில்தான் அவர்களுடைய காய்கறி விற்கிற கடை இருந்தது. அங்கே சுவரில் அவளுடைய படமும் இருந்தது. டவுனுக்கு வரும்போதெல்லாம் அந்தப் படத்தைப் பார்க்காமல் அவள் திரும்பியதில்லை. பார்க்காத மாதிரி பார்ப்பாள். எதிர்ச்சாரியில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்வாள், பையில் எதையோ தேடுவாள், அப்படியே கண்ணை ஓட்டிவிட்டு நடையைக் கட்டுவாள்.

ஆளுயரப் படம். நடுவில் கடுகு, கையில் ஒரு வாத்து. பக்கத்தில் கணவர், யாரோ விலங்கு மாட்டியதுபோல இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு. இந்தப் பக்கம் தம்பி, சினிமாவுக்குக் கூப்பிட்டால் இப்போதே வந்துவிடுவேன் என்கிற சிரிப்போடு. பின்னால் சீமாட்டி. சீமாட்டி என்பது அவர்களுடைய பசு. படம் எடுத்த அன்று அது கேமராவுக்குப் பின்பக்கத்தைத்தான் காட்டுவேன் என்று அடம் பிடித்தது. வாத்துக் கூட்டத்துக்குத் தலைவனான பெரிய ஆண் வாத்துக்கு மேஸ்திரி என்று பெயர். அது படம் எடுக்க வந்தவரின் கெண்டைக்காலைக் கவ்விவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல் போய் வரிசையில் நின்றுகொண்டது. படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் கடைக்காரர் அச்சடித்திருந்தார்: ‘உங்கள் தட்டுக்குப் பின்னால் இருக்கும் மனிதர்களும் விலங்குகளும் இவர்களே.’

பொய்யில்லை. அந்தத் தோட்டத்தில் விலங்குகளும் ஆள் கணக்குத்தான். நத்தை பிடிப்பது வாத்துகளின் வேலை. விடிந்ததும் மேஸ்திரி முன்னால் நடக்க, கோஸ் பாத்தி இடுக்குகளில் வரிசையாக இறங்கி மேய்ந்துகொண்டே போகும். எருவுக்குச் சீமாட்டி. எருவை வண்டியில் இழுக்க ஒரு கழுதை. நிலம் கடுகுக்கும் தம்பிக்கும் அப்பா விட்டுப்போனது. ஒரு காலத்தில் அங்கேயும் ஊரில் எல்லோரையும் போல பூச்சிமருந்துதான் அடித்தார்கள். ஒருநாள் காற்று திரும்பி அடித்ததில் கணவர் மருந்து டப்பாவை முதுகில் கட்டியபடியே வரப்பில் சுருண்டு விழுந்தார். வாயில் நுரை. தம்பிதான் அவரைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் ஓடினான். அவர் பிழைத்து வந்த அன்றைக்குக் கடுகு மருந்து டப்பாவைக் கல்லில் போட்டு நசுக்கினாள். அதன் பிறகு அந்த மண்ணில் மருந்து வாசனை வரவில்லை. முதல் சில வருஷங்கள் புழுவும் நத்தையும் தின்றது போக மிச்சம்தான் வீட்டுக்கு வந்தது. மண் தெளிந்து, இயற்கை விளைச்சல் என்று சான்றிதழ் கிடைத்து, கடைக்காரர் தேடி வந்தது எல்லாம் பிறகு.

எதிர்ச்சாரியில் நின்று செருப்பைச் சரிசெய்தவள், படத்தைப் பார்த்துவிட்டுப் பார்வையைக் கொஞ்சம் கீழே இறக்கினாள். படத்தின் அடியில் அவர்களுடைய மரப்பெட்டிகள். பெட்டிப் பலகையில் சூட்டுக்கோலால் போட்ட வாத்து முத்திரை. பெட்டி நிறையக் கேரட்.

அவர்கள் கேரட் போட்டிருந்தார்கள்தான். ஆனால் மழை விடாமல் பிடித்ததில் விதை மண்ணுக்குள்ளேயே அழுகிப்போனது. அந்தப் பாத்தியைக் கொத்திப் புரட்டியவளே கடுகுதான்.

ரோட்டைத் தாண்டிக் கடைக்குள் போனாள். கேரட் எல்லாம் ஒரே நீளம், ஒரே பருமன், அச்சில் வார்த்தது மாதிரி. அடுத்த பெட்டியில் கோஸ். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ஓர் ஓட்டை இல்லை. அவர்கள் தோட்டத்துக் கோஸில் மேல் இலையைச் சல்லடையாக்காமல் எந்தப் புழுவும் விட்டதில்லை. இதில் புழுகூட வாய் வைக்கப் பயந்திருக்கிறது. இலையை நீக்கி மோந்தாள். வாய்தான் மரத்திருந்தது, மூக்கு இல்லை. கணவர் வரப்பில் விழுந்த அன்று அவர் சட்டையைக் கழற்றியபோது அடித்த அதே வாசனை, மெலிதாக.

அப்போது பக்கத்தில் கேரட் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், மறுபடியும் படத்தைப் பார்த்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. தையல்காரி. அடுத்த தெருவில் கடை வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே வந்து கடுகின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய அப்பாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருந்தது. எதைக் கொடுத்தாலும் ஒத்துக்கொள்ளவில்லை. மருந்தடிக்காத காயாகப் பார்த்துக் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னதிலிருந்து இந்தக் கடையை விட்டு வேறு எங்கும் வாங்குவதில்லை.

“தினமும் காலைல உங்க கேரட்டைத்தாங்க சாறு எடுத்துக் குடுக்கறேன்,” என்றாள் தையல்காரி. “குடிக்கும்போதெல்லாம் உங்க குடும்பத்தை நெனச்சுக்குவோம். அப்பா அந்த மாட்டைப் பத்திக்கூட கேப்பாரு.”

கடுகு தலையை ஆட்டினாள், இல்லை இல்லை என்று. அடக்கத்தில் ஆட்டுகிறாள் என்று நினைத்துத் தையல்காரி கையை இன்னும் அழுத்தினாள். கடுகு வாயைத் திறந்தாள். பாதி நாக்கு அசையவில்லை. குழறலும் எச்சிலும் ரத்தமும்தான் வந்தன. அதற்குள் கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து ஓடி வந்துவிட்டார். அக்கா பல் பிடுங்கியிருக்காங்க போல, பேசக் கூடாது, வீட்டுக்குப் போய்ப் படுக்கட்டும் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லியபடி, தோளில் கை வைத்து மெல்ல வாசலுக்கு நகர்த்தினார். ராத்திரி பகலாகத் தோட்டத்தில் உழைத்தே உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்று தையல்காரியிடம் அவர் வருத்தப்படுவது கடுகின் காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தபோது தையல்காரி பையில் கேரட்டை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்த அவ்வளவு தூரமும் கடுகு பஞ்சைக் கடித்த கடியில் காயத்திலிருந்து ரத்தம் நிற்கவேயில்லை.

தோட்டத்து வாசலில் தம்பி வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். காயை டவுனுக்குக் கொண்டுபோவது, கடைக்காரரிடம் பேசுவது எல்லாம் அவன் பொறுப்பு. இஸ்திரி போட்ட சட்டையோடு தோட்டத்துக்கு வருகிற ஒரே ஆள். கடுகு பஞ்சை எடுத்து எறிந்துவிட்டுக் கேட்டாள்: கேரட் எங்கிருந்து வந்தது? குழறிய குழறலில் அவனுக்கு முதலில் புரியவில்லை. சிரித்தான். அவள் மறுபடி கேட்டபோது கையிலிருந்த குழாயை மூடாமலேயே கீழே போட்டான். தண்ணீர் பாட்டுக்கு ஓடியது.

அவன் மறைக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். மழையில் பாதிப் பாத்தி போனபோது கடைக்காரர் அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசியிருக்கிறார். அலமாரி காலியாகக் கிடந்தால் ஆட்கள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள், அப்புறம் உங்கள் படத்தை எடுத்துவிட்டு வேறு தோட்டத்துப் படத்தைத்தான் மாட்ட வேண்டியிருக்கும், கொஞ்ச நாளைக்கு மொத்த மார்க்கெட்டிலிருந்து எடுத்து நிரப்பு, உங்கள் விளைச்சல் வந்ததும் நிறுத்திவிடலாம் என்று. தம்பி போயிருக்கிறான். விடியற்காலையில் மார்க்கெட்டில் மூட்டையை ஏற்றி, வழியில் வேனை ஓரங்கட்டி, மூட்டையை அவிழ்த்து வாத்து முத்திரைப் பெட்டிகளில் அவன் கையாலேயே அடுக்கியிருக்கிறான். கொஞ்ச நாள் என்றது மாசக்கணக்காகிவிட்டது.

“நம்ம பேரு போயிடக் கூடாதுன்னுதான்க்கா செஞ்சேன்,” என்றான்.

“பேரா?” என்றாள் கடுகு. அதற்கு மேல் நாக்கு ஒத்துழைக்கவில்லை.

“யாருதான் ஒழுங்கா விக்கிறா, சொல்லு. ஊரே இப்படித்தான் ஓடுது.”

“நாம வித்தோம்டா.”

அவளுக்கு அழுகை வரவில்லை. அழுகை வந்திருந்தால் கொஞ்சம் இறங்கியிருக்கும். கையில் கிடைத்த வாளியைத் தூக்கி வேன்மேல் எறிந்தாள். கதவு நசுங்கியது. அந்தச் சத்தத்துக்குத்தான் கணவர் வாத்துக் கொட்டகையிலிருந்து வந்தார். வந்தவர் எல்லாவற்றையும் நின்று கேட்டார். தம்பி சொல்லி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“மருந்தடிச்ச காயா, மாப்ளே?”

“தெரியல மாமா. நான் கேக்கல.”

கணவர் தலையை ஆட்டினார். கொட்டகைக்குள் போனார். விறகுக் கோடாலியோடு வந்தார். ஆனால் அவர் தம்பியைத் தாண்டிப் போய், வேனில் அடுக்கியிருந்த காலிப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்து உடைக்கத் தொடங்கினார். பதற்றமில்லாமல், விறகு பிளக்கிற மாதிரி. முத்திரை இருந்த பலகையைக் குறிபார்த்துத்தான் ஒவ்வோர் அடியும் விழுந்தது. சீமாட்டி கயிற்றை இழுத்துக்கொண்டு துள்ளியது. வாத்துகள் சிதறி ஓடின. மேஸ்திரி மட்டும் இறக்கையை விரித்துக்கொண்டு வந்து அவர் வேட்டியைக் கவ்விப் பிடித்து இழுத்தது. அவர் உதறவுமில்லை, நிறுத்தவுமில்லை. கடைசிப் பெட்டி வரைக்கும் உடைத்துவிட்டுக் கோடாலியைச் சுவரில் சாய்த்தார்.

“அன்னைக்கு என்னைத் தூக்கிட்டு ஓடினது நீதானே?” என்றார்.

பதிலுக்கு அவர் நிற்கவில்லை. குழாயை மூடிவிட்டுப் பால் கறக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் வீக்கம் கன்னத்தில் இருந்தாலும் நாக்கு திரும்பி வந்திருந்தது. களைக்கொத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கடுகு கிளம்பினாள். கணவரும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். ரெண்டு பேரும் ஜெயிலுக்குள்ளே போய்விட்டால் மாட்டை யார் கறப்பது என்று கேட்டு அவரை நிறுத்தினாள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

கடை திறந்து ஆட்கள் வரும் நேரமாகப் பார்த்துத்தான் உள்ளே நுழைந்தாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேராகச் சுவருக்குப் போய், படத்தின் மூலையில் களைக்கொத்தைக் கொடுத்து நெம்பினாள். மூலை கிளம்பியதும் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். கணவர் முகம் கிழிந்து வந்தது. அடுத்த இழுப்பில் அவள் முகம், கையிலிருந்த வாத்தோடு. கடைக்காரர் ஓடி வந்தார். கடையின் சொத்தில் கை வைக்கிறாய், போலீஸைக் கூப்பிடுவேன் என்றார்.

“கூப்பிடுங்க,” என்றாள். “சுவர் உங்களோடது. மூஞ்சி என்னோடது. என் மூஞ்சியை நான் எடுத்துட்டுப் போறேன்.”

கடையில் இருந்தவர்கள் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றி நின்றார்கள். கடுகு திரும்பி அவர்களைப் பார்த்துப் பேசினாள். இந்தக் கேரட் நாங்கள் விளைவித்தது இல்லை, இந்தக் கோஸ் எங்கள் தோட்டத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை, எல்லாம் மொத்த மார்க்கெட் சரக்கு என்றாள். அவள் பேசப் பேச ஒரு வயதானவர் தன் பையைத் தலைகீழாகப் பிடித்துக் கொட்டினார். தக்காளி நாலாபக்கமும் உருண்டது. கடைக்காரருக்கு முகம் வெளுத்தது. போலீஸ் பேச்சை விட்டுவிட்டார். ஆனால் கடை நடத்துகிறவருக்கு எங்கே அடித்தால் வலிக்கும் என்று தெரியாமலா இருக்கும்?

“கொண்டாந்தது யாருன்னு சொல்லுங்கக்கா,” என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, நிதானமாக. “உங்க வேன். உங்க பெட்டி. உங்க முத்திரை. உங்க கூடப்பொறந்தவன். நான் வாங்கி வித்தேன், அவ்வளவுதான். ஏமாத்தினது யாரு?”

தம்பி படத்தில் இன்னும் கிழியாமல் சிரித்துக்கொண்டிருந்தான். கூட்டம் அவனைப் பார்த்தது, கடுகைப் பார்த்தது. சற்று முன் கடைக்காரர்மேல் இருந்த கண்களெல்லாம் இப்போது அவள் பக்கம் திரும்பியிருந்தன. உண்மையா என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்று சொல்லாமல் அந்த இடத்தை விட்டு நகர முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. சொன்னாள். ஒரு பெண், குடும்பத்தோடு நாடகமா என்று கேட்டுவிட்டு வெளியே போனாள். கடுகு கிழித்த காகிதத்தைச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்தாள். கோபத்தோடு வந்தவள் கோபத்தோடுதான் திரும்பினாள். ஆனால் வரும்போது அது அடுத்தவர்மேல் இருந்தது. இப்போது எங்கே வைப்பதென்று தெரியாமல் கைச்சுமையாகக் கூட வந்தது.

கடைக்காரர் சும்மா இருக்கவில்லை. சான்றிதழ் கொடுக்கிற அலுவலகத்துக்கு அவரே முந்திக்கொண்டு புகார் கொடுத்துவிட்டார், இயற்கை விளைச்சல் என்று நம்பித் தான் ஏமாந்துபோனதாக. அந்த வாரமே அதிகாரி வந்தார். வருஷா வருஷம் மண் எடுத்துப்போகிறவர், சீமாட்டியின் நெற்றியைத் தடவிக் கொடுக்காமல் போகாதவர். அன்றைக்குப் பசுவின் பக்கம் போகவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, தம்பி எடுத்த முடிவு எதுவும் உங்களுக்குத் தெரியாது, அவர் கூலிக்கு வண்டி ஓட்டுகிறவர்தான் என்று எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். அப்படி எழுதினால் எச்சரிக்கையோடு போய்விடும். மண்ணில் குற்றமில்லை என்று அவருக்கும் தெரியும்.

கணவர் கடுகைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தான்.

“பாதி நெலம் அவன் பேர்ல இருக்கு,” என்றாள் கடுகு. “அவன் கூலிக்காரன் இல்லை. இந்த வீட்டு ஆளு. அப்படியே எழுதுங்க.”

அதிகாரி எழுதினார். சான்றிதழ் ரத்தானது. மறுபடி முதலிலிருந்து, வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்க வேண்டும். அவர் போன பிறகு தம்பி மெதுவாக, என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டாய் என்றான். கடுகுக்கு வந்த ஆத்திரத்தில் களைக்கொத்தைத் தூக்கினாள். உன்னைக் காப்பாற்றியிருக்கிறேன்டா, கூலிக்காரன் என்று சொல்லியிருந்தால் நீ இன்றைக்கே இந்த வீட்டுக்கு யாரோ ஒருத்தன் என்று கத்தினாள். கணவர் வந்து களைக்கொத்தைக் கையிலிருந்து வாங்கி வைத்தார். அன்றிலிருந்து தம்பி வீட்டுக்குள் படுப்பதில்லை. வேனிலேயே படுத்துக்கொண்டான். கடுகு அவனுக்குத் தட்டு வைப்பாள். பேச்சு வைக்கமாட்டாள்.

தையல்காரி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். விசாரித்து விசாரித்து, பஸ் இறங்கி நடந்தே வந்திருந்தாள். முகமெல்லாம் வேர்வை. வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். மேஸ்திரி கழுத்தை நீட்டிக்கொண்டு போய் அவள் புடவையைப் பிடித்தது. அவள் குனிந்து பார்க்கக்கூட இல்லை. கடுகு ஓடிப்போய் வாத்தைத் தூக்கிக்கொண்டாள். சுவரில் எப்படி நின்றாளோ அப்படியே, கையில் வாத்தோடு, அவள் எதிரில் நின்றாள்.

அன்னைக்கு நான் உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேனே, அப்பவே தெரியுமா என்று தையல்காரி கேட்டாள். அப்போதுதான் தெரிந்தது என்றாள் கடுகு. வாயைத் திறக்க முடியவில்லை என்றாள். பையைப் பிடுங்கிக் கொட்டியிருக்கலாமே என்றாள் தையல்காரி. கை மரத்துப்போகலையே.

அப்பா எப்படி இருக்கிறார் என்று கடுகு கேட்டாள்.

“இருக்காரு. ஒரு நாள் நல்லா இருக்காரு, ஒரு நாள் வாந்தி. உங்க கேரட்டால ஆச்சா, இல்ல அவர் உடம்பே அப்படித்தானான்னு டாக்டருக்கும் சொல்லத் தெரியல. தெரியாதுங்கறதுதான் எனக்குத் தாங்கல. நான்தானே என் கையால புழிஞ்சு குடுத்தேன்?”

வேன் பக்கம் நின்றிருந்த தம்பி அருகில் வந்தான். யாரும் கூப்பிடவில்லை. இஸ்திரிச் சட்டையெல்லாம் போய்விட்டிருந்தது, முழங்கால் வரை சேறு. கையைக் கட்டிக்கொண்டு, ஏற்றிக்கொண்டு வந்தது நான்தான், அக்காவுக்கும் மாமாவுக்கும் தெரியாது என்றான். தையல்காரி அவனைத் தலையிலிருந்து கால்வரை அளவெடுக்கிற மாதிரி பார்த்தாள்.

“அந்த மாசமெல்லாம் உங்க வீட்ல என்ன சாப்ட்டீங்க?”

தம்பி விழித்தான்.

“அந்தக் கேரட்டைச் சாப்ட்டீங்களா? இல்ல, தோட்டத்துல இருந்ததா?”

“தோட்டத்துல இருந்ததுதாங்க.”

“ஒரு நாள்கூட அதை எடுத்துட்டு வந்து உங்க வீட்ல சமைக்கச் சொல்லல?”

“இல்லைங்க.”

“அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.”

அவள் குரலை உயர்த்தவேயில்லை. தம்பியின் முகம் மடிந்துபோனது. தெரியல, கேக்கல என்று அவன் இத்தனை நாளாகப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு கொம்பும் கையோடு வந்துவிட்டது. கடுகுக்கு அந்தக் கேள்வி தனக்குத் தோன்றவில்லையே என்று இருந்தது. கணவர் முள்ளங்கியும் பீன்ஸும் ஒரு கூடையில் நிரப்பிக்கொண்டு வந்து வேலிமேல் வைத்தார். மண்கூட உதிராத முள்ளங்கி. தையல்காரி கூடையைத் தொடவில்லை. சும்மா குடுத்தா எல்லாம் சரியாயிடும்னு நெனச்சீங்களா என்று கேட்டுவிட்டு வந்த வழியே நடந்தாள். வெயிலில் அவள் போவதைக் கடுகு கண்ணுக்கு மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன திமிர் என்று ஒரு கணம் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த கணமே அந்தப் படத்தைத் திருட்டுத்தனமாகப் பார்க்க எத்தனை தடவை செருப்பு வாரைச் சரிசெய்திருக்கிறோம் என்று தோன்றி, காது மடல் சுட்டது. அந்தப் படத்தை நம்பித்தானே தையல்காரி வாங்கினாள்.

வாத்தைக் கீழே விட்டுவிட்டுத் தம்பியிடம் திரும்பினாள். வாரக்கணக்கில் அவனோடு பேசாதவள் பேசினாள்.

“நாளைக்கு டவுனுக்குப் போ. கடைக்கு எதிர்ல நில்லு. உனக்கு எல்லார் மூஞ்சியும் தெரியும். ஒவ்வொருத்தரா நிறுத்திச் சொல்லு. இவங்ககிட்ட சொன்ன மாதிரியே.”

அவன் போனான். கடைக்காரர் ஆள் வைத்துத் துரத்தினார். எதிர்ச்சாரி பஸ் நிறுத்தத்துக்குப் போய் நின்றுகொண்டான். அது பொது இடம், யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. கடையில் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறவர்களைத் தெருவில் மறித்துச் சொன்னான். சிலர் காதில் வாங்காமல் போனார்கள். ஒருவர் ஓங்கி அறைந்தார். ஒருவர் சிரித்தபடி, இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே தம்பி என்றார். அந்தச் சிரிப்புத்தான் அறையைவிட அதிகம் சுட்டது என்று அவன் மாமாவிடம் சொன்னானாம். மாமாவும் ஒருநாள் கூடப் போய் நின்றார். பேசவில்லை. பக்கத்தில் நின்றார், அவ்வளவுதான். கடைச் சுவரில் இதற்குள் வேறொரு தோட்டத்துக் குடும்பம் வந்துவிட்டது. நடுவில் ஒரு சின்னப் பெண், கையில் முயல்குட்டி. அந்தத் தோட்டம் எங்கே இருக்கிறது என்று தம்பி விசாரித்துப் போய் நடந்ததைச் சொல்லிவிட்டும் வந்தான். அவர்கள் நம்பினார்களா என்று தெரியவில்லை.

தையல்காரி மறுபடி வரவில்லை. வேறு சிலர் வந்தார்கள். அன்பாக வரவில்லை, சோதனை போட வந்தார்கள். கொட்டகைக்குள் மோந்து பார்த்தார்கள், எருக்குழியைக் கிளறினார்கள். நீங்கள் பறித்த காய் வேண்டாம், நாங்களே பறித்துக்கொள்கிறோம் என்றார்கள். பறிக்கத் தெரியாமல் பறித்துப் பாதிச் செடியை மிதித்துவிட்டுப் போனார்கள். கடுகு பல்லைக் கடித்துக்கொண்டு மண்வெட்டியை அவர்கள் கையில் கொடுத்தாள்.

மழை விட்டு, கேரட்டுக்கு மறுபடி பாத்தி போட்ட அன்று தம்பியும் அவளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து விதை தூவினார்கள். நெடுநேரம் கழித்து அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“அக்கா, இன்னும் எவ்வளவு நாளைக்குக்கா என் மேல கோவம்?”

கடுகு நிமிரவில்லை. விரலால் மண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்.

“எனக்கு முன்னாடி நெறைய பேரு நிக்கறாங்க. அவங்கல்லாம் திட்டி முடிக்கட்டும். அப்புறம் நான் ஆரம்பிக்கறேன்.”

அவன் விதைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பாத்திக்கு நகர்ந்தான்.